கொண்டை ஊசி

அறைக்குள் வாசனை கூடாது.
சோப்புகூட மணமில்லாததாகப் பார்த்து வாங்குகிறேன்.
மல்லிகை பக்கத்தில் மூச்சுவிட்டால்
கருமுட்டைக்கு ஆகாது.
அஞ்சு ரோடு முனையில் பூக்கட்டும் பெண்
ஏழு வருடமாக என்னைப் பார்த்து முழம் நீட்டுவதில்லை.
என் புருஷன் போய்ச் சேர்ந்துவிட்டதாக அவள் கணக்கு.
அவர் சூரமங்கலத்தில்
ரயிலுக்கு டிக்கெட் கொடுத்துக்கொண்டு
நன்றாகவே இருக்கிறார்.
திருத்த நேரமில்லை,
எட்டேகாலுக்கு முதல் ஆள்.

இன்று கோசலை.
நாகலூரிலிருந்து விடியல் பஸ்.
இருபது கொண்டை ஊசி வளைவிலும்
அடிவயிற்றைக் கையால் தாங்கியபடி வந்தாளாம்,
தளும்பிவிடக் கூடாதென்று.
பதினொரு முட்டை. முதிர்ந்தவை ஏழு.

தீர்த்தகிரியின் சீட்டில்
மூன்று முறையும் பூஜ்ஜியம்.
ஒன்பது வருடம் ஊர் அவளைத்தான் கேட்டது.
சேர்வராயன் குகையில் விளக்கேற்றியது அவள்,
கசந்த வேரை அரைத்துக் குடித்தது அவள்,
நாத்தனார் வளைகாப்பில்
தட்டு தூக்காமல் ஓரமாக நின்றதும் அவள்.
சீட்டு வந்த அன்று
அவன் தன் அம்மா முன்னால் சத்தமாக வாசித்தானாம்:
"கோளாறு எனக்குத்தான்."
நர்ஸிடம் இதைச் சொல்லும்போது
கோசலை பல் தெரியச் சிரித்தாள்.

பூஜ்ஜியம் என்பது
வெளியே வந்ததன் கணக்கு.
உள்ளிருந்து ஊசி எடுத்துவந்ததைத்
துளித் துளியாகத் தேடுகிறேன்.
சிவப்பணு. சிவப்பணு. உடைந்த செல்.
காற்றுக் குமிழி. சிவப்பணு.
கழுத்து இறுகி, கண் எரிந்து
ஒன்றேமுக்கால் மணி நேரம் கழித்து
ஒரு வால் துடித்தது.
நீந்தவில்லை.
துடித்தது, போதும்.

அவன் மிளகு பறிப்பவன்.
சில்வர் ஓக்கில் ஒற்றை மூங்கில் சாத்தி ஏறி
சரத்தில் ஒரு மணியாவது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பவன்.
மூன்று மணிக்குள் எனக்கு ஐந்து கிடைத்தன.
ஏழு முட்டைக்கு ஐந்து.

முதலில் வாலை அடிக்க வேண்டும்.
கண்ணாடி ஊசியால் மேலே ஒரு தேய்ப்பு,
அசைவு நின்றுவிடும்.
இவ்வளவு தேடிப் பிடித்ததை
முடமாக்கித்தான் உள்ளே விட முடியும்.
இதற்கு மட்டும் நான் இன்னும் பழகவில்லை.

முட்டையைத் திருப்பி
அதன் சின்னக் குமிழைப் பன்னிரண்டு மணியில் நிறுத்துகிறேன்.
ஊசி மூன்று மணியில் நுழைகிறது.
சவ்வு கொடுத்துக்கொண்டே போகிறது,
புனலாகக் குழிகிறது, கிழியவில்லை.
இம்மியளவு உறிஞ்சினேன்.
சட்டென்று விட்டது.

மூன்றாவதில் கரண்ட் போயிற்று.
யுபிஎஸ் ஒருமுறை கூவியது.
கை நடுங்கவில்லை,
அப்புறம் கழுவும் தொட்டியில் நடுங்கியது.
நான்காவது, ஊசியை எடுத்ததுமே
கண்ணெதிரே கலங்கிக் கரைந்தது.

மறுநாள் காலை.
ஒன்றில் எதுவும் இல்லை.
ஒன்றில் மூன்று வட்டம், அது ஆகாது.
மீதி இரண்டில்
ஒன்றையொன்று தொட்டபடி
இரண்டிரண்டு வட்டம்.
ஒன்று அவளுடையது, ஒன்று அவனுடையது.
எது யாருடையதென்று
பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியாது.

கோசலை அம்மாபேட்டையில் அக்கா வீட்டில் படுத்திருக்கிறாள்.
அவன் நேற்றிரவே மலையேறிவிட்டான்,
விட்டால் மிளகு உதிர்ந்துவிடும்.
போன் அடித்ததும் எடுத்தான்.
"ஏணி மேல இருக்கேன் மேடம்,
இங்கதான் டவர் கிடைக்கும். சொல்லுங்க."
"ரெண்டு" என்றேன்.
காற்று. இலைச் சத்தம்.
யாரோ கீழிருந்து சாக்கு கேட்கிறார்கள்.
"ரெண்டும் ராத்திரி தூங்குச்சா?"

இந்தக் கேள்விக்கு
என் படிப்பில் பதில் இல்லை.
"தூங்குச்சு" என்றேன்.

தட்டை முப்பத்தேழு டிகிரிக்குள் வைத்தேன்.
இன்னும் நாலு நாள்,
இரண்டாகுமோ நாலாகுமோ
பாதியில் நின்றுவிடுமோ.
மலையடிவாரத்தில் ஒரு பலகை உண்டு:
வளைவில், ஏறும் வண்டிக்கு வழி விடவும்.
கையை வெளியே எடுத்துக்கொண்டு
கதவைச் சாத்தினேன்.